12 மணி நேர ஷிப்ட்டுக்கு 8 மணி நேர வரம்பு பொருந்துமா? காற்றில் உள்ள ரசாயனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைகளுக்குள் காற்றை அளப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு காலணி யூனிட்டுக்குப் போயிருந்தேன். அடிப்பாகம் ஒட்டும் லைனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார்கள். வாசலருகே நோட்டீஸ் போர்டில் ஒரு ஆய்வக ரிப்போர்ட்: "டொலுயீன் 62 பி.பி.எம். அனுமதிக்கப்பட்ட அளவு 100 பி.பி.எம். வரம்புக்குள் உள்ளது." டொலுயீன் என்பது அந்தச் சொல்யூஷனில் இருக்கும் கரைப்பான். அதே போர்டில், அதே குண்டூசியில், ஷிப்ட் பட்டியல்: காலை 8 மணி முதல் இரவு 8.30 வரை, நடுவில் அரை மணி சாப்பாடு, வாரத்துக்கு 6 நாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் அந்தப் பட்டியலைப் படித்திருந்தால் "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதியிருக்க முடியாது. ஏன் முடியாது என்று அன்றிலிருந்து பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அந்த 62-ஐயே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

அந்த 100 பி.பி.எம். என்பது என்ன?

பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு டொலுயீன் ஆவி. ஆனால் அது எந்த நொடியிலும் தாண்டக்கூடாத அளவு இல்லை, 8 மணி நேரத்துக்கான சராசரி. காலையில் 40, மதியம் 150, மாலையில் 80 என்று ஏறி இறங்கலாம், மொத்தச் சராசரி 100-க்குள் இருக்க வேண்டும். இந்த 100 என்ற எண், தொழிற்சாலைகள் சட்டத்தில் ரசாயன வரம்புகளைப் பட்டியலிட்ட இரண்டாம் அட்டவணையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஏ.சி.ஜி.ஐ.எச். அமைப்பு 2007-இல் டொலுயீனுக்கான தன் பரிந்துரையை 20 பி.பி.எம். ஆகக் குறைத்துவிட்டது. அது தனிக் கதை, இங்கே மணி நேரத்தை மட்டும் பார்ப்போம்.

ஏன் 8 மணி நேரம்? யார் முடிவு செய்தது?

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெரும்பாலான வரம்புகளின் வேர், அமெரிக்க அரசுத் தொழில் சுகாதார நிபுணர்கள் 1938-இல் தொடங்கிய அந்த ஏ.சி.ஜி.ஐ.எச். அமைப்பில் இருக்கிறது. 1940-களில் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் அங்கே சட்டப்படியான வாரம் 40 மணி நேரம். அதனால் அவர்கள் மனத்தில் இருந்த தொழிலாளி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் வேலை பார்ப்பவர். மீதி 16 மணி நேரம் சுத்தமான காற்றில் இருப்பவர். வாரக் கடைசியில் 2 நாள் முழு ஓய்வு எடுப்பவர்.

அட்டவணையில் ஒரு எண்ணைப் பார்க்கும்போது இந்த மனிதரும் கூடவே நிற்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய உடம்புக்குத்தான் அந்த எண். 12 மணி நேரம் வேலை பார்த்து, தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஹாஸ்டலில் தூங்கி, மறுநாள் காலை அதே லைனில் உட்காரும் பெண்ணுக்கு அந்த எண்ணை யாரும் கணக்குப் போடவில்லை.

12 மணி நேரம் என்றால் ஒன்றரை மடங்கு. வரம்பை ஒன்றரையால் வகுத்தால் சரியாகிவிடாதா?

பாதி சரி. 100-ஐ ஒன்றரையால் வகுத்தால் 67. உள்ளே போகும் அளவை இது சரிக்கட்டுகிறது. உடம்பை விட்டு வெளியேறும் அளவை இது கண்டுகொள்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் தொட்டிக் கணக்கு போட்டிருப்பீர்கள். ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும். உடம்பும் அப்படித்தான். வேலை நேரத்தில் இரண்டு குழாயும் திறந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் நிரப்பும் குழாய் மூடுகிறது. அப்புறம் மூச்சு, சிறுநீர், கல்லீரல் வழியே தொட்டி மெல்லக் காலியாகிறது. 8 மணி நேர ஷிப்ட்டில் காலியாக 16 மணி நேரம் இருக்கிறது. 12 மணி நேர ஷிப்ட்டில் 12 தான் இருக்கிறது. நிரம்பும் நேரம் கூடும்போதே காலியாகும் நேரம் குறைகிறது. இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன.

எவ்வளவு தள்ளுகின்றன என்பது அந்தப் பொருள் உடம்பில் பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை அரை ஆயுள் என்கிறோம். 8 மணி நேர அரை ஆயுள் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 16 மணி நேர ஓய்வுக்குப் பிறகு கால் பங்கு மிச்சம். 12 மணி நேர ஓய்வுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலே மிச்சம். அந்த மிச்சத்தின் மேல்தான் மறுநாள் ஷிப்ட் தொடங்குகிறது.

அப்படியானால் எந்தச் சூத்திரம்?

அதிகம் புழங்குவது ப்ரீஃப், ஸ்காலா என்ற இருவர் 1975-இல் வெளியிட்டது. அதைச் சொல்லில் எழுதினால்: 8-ஐ வேலை மணி நேரத்தால் வகுக்க வேண்டும். அதை ஓய்வு மணி நேரத்தால் பெருக்கி, 16-ஆல் வகுக்க வேண்டும். வருவது குறைப்புக் காரணி. வரம்பை அதால் பெருக்கினால் புதிய வரம்பு.

12 மணி நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள். 8 ÷ 12 × 12 ÷ 16 = 0.5. டொலுயீனுக்கு 100 என்பது 50 ஆகிறது. நோட்டீஸ் போர்டில் இருந்த 62 வரம்புக்கு வெளியே போய்விட்டது.

மற்ற ஷிப்ட்களுக்கு: 9 மணி நேரம் 0.83, 10 மணி நேரம் 0.7, இரட்டை ஷிப்ட் அடிக்கும் 16 மணி நேரம் 0.25. கடைசியைக் கவனியுங்கள். நேரம் இரண்டு மடங்கு, வரம்போ நான்கில் ஒன்று. "இன்னைக்கு ஒருத்தர் வரலை, நீயே அடுத்த ஷிப்ட்டும் பார்த்துடு" என்று சொல்லும்போது நடப்பது இதுதான்.

வார மணி நேரத்துக்கும் இதே அச்சில் ஒரு சூத்திரம் உண்டு: 40 ÷ வார வேலை நேரம் × வார ஓய்வு நேரம் ÷ 128. ஒரு வாரத்தில் 168 மணி நேரம், அதில் 40 போக 128. அந்த 128 இங்கிருந்துதான் வருகிறது.

இந்தச் சூத்திரம் ரொம்பக் கறாரானது என்று ஆலோசகர் ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. பொருள் உடம்பில் ஏறி இறங்குவதை நேரடியாகக் கணக்கிடும் முறையை ஹிக்கி, ரீஸ்ட் என்ற இருவர் 1977-இல் தந்தார்கள். அதற்கு அரை ஆயுள் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன 8 மணி நேர அரை ஆயுள் பொருளுக்குத் தொட்டிக் கணக்கை நாள் தவறாமல் ஓடவிட்டுப் பார்த்தால், ஷிப்ட் முடிவில் உடம்பில் இருக்கும் உச்ச அளவை 8 மணி நேரத் தொழிலாளியின் அளவுக்குக் கொண்டுவர 0.77 போதும். அரை ஆயுள் மிக நீளமாக இருந்தாலும் நாள் கணக்கில் அது 0.67-க்குக் கீழே போகாது. அதாவது மணி நேர விகிதம்தான் அடித்தளம். ப்ரீஃப்–ஸ்காலா 0.5 என்று அதற்கும் கீழே இறங்குகிறது.

இருந்தும் நான் முதலில் எடுப்பது ப்ரீஃப்–ஸ்காலாவைத்தான். காரணம் எளிது. நம் யூனிட்களில் வரும் டின்களில் என்ன கலவை இருக்கிறது என்பதே பல சமயம் லேபிளில் இருக்காது. பொருளே தெரியாதபோது அரை ஆயுளுக்கு எங்கே போவது? 0.5 வைத்துப் பார்த்து 'பாஸ்' ஆனால் நிம்மதி. ஆகவில்லை என்றால், அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கு நுணுக்கமான கணக்கைப் போடலாம். ஆலோசகர் 0.77-ஐ முதலிலேயே எடுத்தால், எந்த அரை ஆயுளை, எங்கிருந்து எடுத்தார் என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் யூனிட்டில் 8 மணி நேர ஷிப்ட்தான். எங்களுக்கு இதெல்லாம் தேவையா?

வாரத்துக்கு எத்தனை நாள்? 6 நாள் என்றால், தேவை.

நம் ஊரில் பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. இரண்டாம் அட்டவணை 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், போபால் விபத்துக்குப் பிறகு, நம் சட்டத்துக்குள் வந்தது. எண்களில் பெரும்பகுதி அப்போதைய அமெரிக்கப் பட்டியலோடு ஒத்துப்போகிறவை. அந்த எண்கள் 40 மணி நேர வாரத்தில் பிறந்தவை. நம் சட்டமோ 48 மணி நேர வாரத்தை அனுமதிக்கிறது. ஆக, ஓ.டி. எதுவும் இல்லாத, சட்டத்துக்கு முழுவதும் உட்பட்ட ஒரு சாதாரண வாரமே அந்த எண்ணின் பார்வையில் நீட்டிக்கப்பட்ட வாரம். வாரச் சூத்திரத்தில் போட்டால் 40 ÷ 48 × 120 ÷ 128 = 0.78. அட்டவணையில் 100 என்றால் 6 நாள் வாரத்துக்கு 78.

ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு என்பதும் இதில் அடங்கும். சலவைக் கடைகளில் உலர்சலவைக்குப் பயன்படும் பெர்க்ளோரோஎத்திலீன் மாதிரிப் பொருள்கள் கொழுப்பில் போய்த் தங்கும், பாதியாகக் குறையவே இரண்டு, மூன்று நாள் ஆகும். இரண்டு நாள் விடுமுறையில் இறங்குவதும் ஒரு நாள் விடுமுறையில் இறங்குவதும் ஒன்றல்ல. திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே உடம்பில் போன வாரத்துச் சரக்கு இருக்கும்.

60 மணி நேர வாரத்துக்குக் காரணி 0.56. திருப்பூர்ப் பக்கம் 'ஒன்றரை ஷிப்ட்' என்பார்களே, அந்த 12 மணி நேரத்தை 6 நாளும் பார்த்தால் 72 மணி நேரம், காரணி 0.42. 72 மணி நேர வாரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஓ.டி.யைச் சேர்த்தும் 60-ஐத் தாண்டக்கூடாது என்றுதான் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஆனாலும் நடக்கிறது. நடக்கிற நேரத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிட முடியும், பதிவேட்டில் எழுதியிருக்கும் நேரத்தை வைத்து முடியாது. என் காலணி யூனிட்டுக்கு நாள் கணக்கு 50, வாரக் கணக்கு 42. நான் குறைந்ததை எடுத்துக்கொள்வேன். 62 எங்கே, 42 எங்கே!

எல்லா ரசாயனத்துக்கும் இப்படிக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பாதியாக்குவதும் தவறுதான். கனடாவின் கியூபெக் மாநிலம் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்குள்ள ஐ.ஆர்.எஸ்.எஸ்.டி. என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு பொருளும் உடம்பை எப்படித் தாக்குகிறது என்று பார்த்து வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் யோசித்தது.

முதல் வகை, அந்த நொடியில் எரிச்சலூட்டுபவை. அம்மோனியா, குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி. கண்ணும் தொண்டையும் எரிவது காற்றில் அந்தக் கணம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது, காலையிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதை அல்ல. ஐஸ் பிளாண்ட்டில் அம்மோனியா 25 பி.பி.எம். வரம்பு என்றால் 12 மணி நேரத்துக்கும் 25 தான். சரிசெய்ய வேண்டியதில்லை.

அடுத்து, அன்றைய தினமே வேலையைக் காட்டுபவை. கார்பன் மோனாக்சைடு நல்ல உதாரணம். ஓய்வாக இருப்பவரின் ரத்தத்தில் அது பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். நேரம் கூடக்கூட ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். இவற்றுக்கு நாள் கணக்கில் குறைக்க வேண்டும். பெயின்ட் உரிக்கப் பயன்படும் மெத்திலீன் குளோரைடை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பு அதை உடைக்கும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிய பிறகும் ரத்தத்தில் அது உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். நீண்ட ஷிப்ட்டில் இதைவிட ஏமாற்றும் பொருள் குறைவு.

மூன்றாவது, வருடக்கணக்கில் சேர்பவை. ஈயம், காட்மியம், படிகச் சிலிகாத் தூள். ஈயம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம், எலும்பில் தங்கியது பாதியாகக் குறையவே பத்தாண்டுகளுக்கு மேல். ஒரு நாள் 12 மணி நேரம் பார்த்து மறுநாள் லீவு எடுத்தால் இவற்றுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, வாரத்தின் மொத்த மணி நேரம்தான் முக்கியம். 12 மணி நேரம் வீதம் 3 நாள் வேலை என்றால் 36 மணி நேரம், குறைப்பே தேவையில்லை. 60 மணி நேரம் என்றால் 40 ÷ 60, மூன்றில் இரண்டு பங்கு.

நாளும் வாரமும் இரண்டுமே முக்கியமான பொருள்களுக்கு இரண்டு கணக்கும் போட்டுக் கறாரானதை எடுக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சட்டங்களில் இது எழுதியே இருக்கிறதா?

சில இடங்களில். ஓஷாவின் ஈய விதியில் நேரடியாக இருக்கிறது. 8 மணி நேரத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். அதற்கு மேல் வேலை என்றால் 400-ஐ மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு 33. நம் இரண்டாம் அட்டவணை ஈயத்துக்கு 150 மைக்ரோகிராம் வரை அனுமதித்தது, மணி நேரம் கூடினால் குறைக்கவும் சொல்லவில்லை. பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடங்களைப் பார்த்தவன் என்ற முறையில், இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

ரிப்போர்ட்டில் '8 மணி நேரத்துக்கு மாற்றியது' என்று ஒரு எண் போடுகிறார்களே, அது என்ன?

12 மணி நேரச் சராசரியை 12-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்த எண். 62 × 12 ÷ 8 = 93. அதை 100-உடன் ஒப்பிட்டு மறுபடி 'வரம்புக்குள்' என்று எழுதுவார்கள். இது ஒன்றரையால் வகுக்கிற அதே பாதிக் கணக்கு, திருப்பிப் போட்டது, அவ்வளவுதான். பல நாடுகளில் ஏற்கப்பட்ட முறை என்பதால் பொய் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு குறைந்தது அதில் இல்லை என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 93 என்று உயர்த்திய எண்ணை, 50 என்று குறைத்த வரம்புடன் ஒப்பிடுவது. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை தண்டனை. அளந்த சராசரியை மாற்றினால் வரம்பைத் தொடாதீர்கள். வரம்பைக் குறைத்தால் அளந்ததைத் தொடாதீர்கள்.

12 மணி நேர ஷிப்ட்டில் சாம்பிள் எடுப்பது எப்படி?

கரைப்பான் ஆவிக்கு, சட்டைக் காலரில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலை மாட்டுவோம். உள்ளே தேங்காய் ஓட்டுக் கரி, முன்பகுதியில் 100 மில்லிகிராம், நடுவில் கொஞ்சம் பஞ்சு, பின்பகுதியில் 50 மில்லிகிராம். இடுப்பில் பம்பு. ஆவி முன்பகுதிக் கரியில் ஒட்டும். முன்பகுதி நிறைந்துவிட்டால் பின்பகுதிக்குத் தாவும். பின்பகுதியில் முன்பகுதியின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தெரிந்தால், ஆவி குழலைத் தாண்டி வெளியே போயிருக்கலாம், உண்மை அளவு ரிப்போர்ட்டில் உள்ளதைவிட அதிகம் என்று அர்த்தம்.

நீண்ட ஷிப்ட்டில் இந்தத் தாவல்தான் ஆளைக் கவிழ்ப்பது. நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் இழுத்தால் 8 மணி நேரத்தில் 24 லிட்டர் காற்று, 12 மணி நேரத்தில் 36 லிட்டர். ஒரே குழலை முழு ஷிப்ட்டுக்கும் விட முடியாது. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, எல்லாக் குழல்களையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்தக் காலணி யூனிட்டில் நான் அப்படித்தான் செய்தேன். மாலை 5 மணிக்கு மேல் எடுத்த குழல்களில்தான் அளவு அதிகம் வந்தது. காரணம் லைனிலேயே கண்முன் இருந்தது: சாயங்காலம் கொசு வருகிறது என்று ஜன்னல்களை மூடிவிட்டார்கள். பகல் 10 மணி முதல் 12 வரை சாம்பிள் எடுத்துவிட்டுப் போகும் ஆய்வகத்துக்கு அந்த ஜன்னல் மூடுவது தெரியவே தெரியாது.

பம்பின் பேட்டரியையும் பாருங்கள். 8 மணி நேரத்துக்கு வாங்கிய பம்பு 10-ஆவது மணியில் நின்றுபோனால், கடைசி 2 மணி நேரம் கணக்கில் இல்லை.

15 நிமிட வரம்பையும் குறைக்க வேண்டுமா?

இல்லை. குறுகிய நேர வரம்பும், எந்த நொடியிலும் தாண்டக்கூடாத உச்ச வரம்பும் ஷிப்ட் நீளத்தைப் பொறுத்தவை அல்ல, அப்படியே இருக்கும்.

4 மணி நேர வேலைதானே, வரம்பை இரட்டிப்பாக்கலாமா?

கூடாது. கீழே இறக்க மட்டுமே இந்தச் சூத்திரங்கள்.

ஒரே சொல்யூஷனில் இரண்டு, மூன்று கரைப்பான் இருந்தால்?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நரம்பையோ கல்லீரலையோ, ஒரே உறுப்பைத் தாக்கும் பொருள்களுக்கு ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் குறைத்த வரம்பால் வகுத்துக் கூட்டுங்கள். மொத்தம் 1-ஐத் தாண்டக்கூடாது. டொலுயீன் 30, அதன் குறைத்த வரம்பு 50; எக்சேன் 15, அதன் ஏ.சி.ஜி.ஐ.எச். வரம்பான 50-ஐக் குறைத்தால் 25. 30 ÷ 50 + 15 ÷ 25 = 1.2. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே வரம்புக்குள், சேர்த்துப் பார்த்தால் வெளியே. எக்சேன் கை, கால் நரம்புகளைப் பாதிப்பது. விரல் நுனி மரத்துப்போவது, செருப்பு காலில் நிற்காமல் கழன்றுபோவது என்றுதான் அது தொடங்கும். அப்படி யாராவது சொன்னால், ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் அவரை அந்த லைனிலிருந்து மாற்றுங்கள்.

என் தம்பி வெளிநாட்டில் எண்ணெய் வயலில் வேலை. 14 நாள் தொடர்ந்து 12 மணி நேரம், பிறகு 7 நாள் லீவு. இதற்கு எப்படி?

ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் இந்த மாதிரிச் சுழற்சி சகஜம். 21 நாளில் 168 மணி நேரம், வாரச் சராசரி 56. ஈயம், சிலிகா போல வருடக்கணக்கில் சேரும் பொருளுக்கு அந்த 56-ஐ வைத்துக் கணக்கிடலாம். ஆனால் அன்றன்றே தாக்கும் பொருளுக்கு அவருக்கு ஒவ்வொரு நாளும் 12 மணி நேரம்தான், காரணி 0.5. பின்னால் வரும் லீவைக் காட்டி அதைத் தளர்த்த முடியாது. முகாம் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கழிவு வாயுவை எரிக்கும் ஃப்ளேர் பக்கமே தூங்குகிறார் என்றால் அந்த 12 மணி நேர ஓய்வு சுத்தமான ஓய்வில்லை. சூத்திரம் அதை ஓய்வு என்று எண்ணிக்கொள்ளும், நுரையீரல் எண்ணாது.

ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே?

சில பொருள்களுக்கு அது இன்னும் நல்ல வழி. ரத்தத்தில் ஈயம் பார்த்தால் ஷிப்ட் நீளம், மூச்சின் வேகம், கை கழுவாமல் சாப்பிட்டது, எல்லாம் சேர்ந்த முடிவு கையில் வந்துவிடும். டொலுயீன் உடம்பில் உடையும்போது உண்டாகும் ஆர்த்தோ-கிரெசாலை ஷிப்ட் முடிவில் சிறுநீரில் பார்க்கலாம். முன்பு ஹிப்யூரிக் அமிலம் பார்த்தார்கள். அதில் ஒரு சிக்கல்: பாட்டில் ஊறுகாயிலும் குளிர்பானத்திலும் கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட்டும் உடம்பில் ஹிப்யூரிக் அமிலமாகத்தான் மாறும். தயிர்சாதமும் பாக்கெட் ஊறுகாயும் சாப்பிட்டவர் டொலுயீன் தொடாமலேயே அதிகம் காட்டலாம்.

பரிசோதனை முடிவு வரும்போது பொருள் ஏற்கனவே உள்ளே போயிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. காற்றளவு முன்கூட்டியே சொல்லும்.

மாஸ்க் கொடுத்துவிட்டோம். போதாதா?

துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய கேட்ரிட்ஜ் உள்ளது வேண்டும். அந்தக் கரியும் 8 மணி நேரத்தில் நிறைவதைவிட 12 மணி நேரத்தில் அதிகம் நிறையும், மாற்றும் நாளை அதற்கேற்ப முன்னால் கொண்டுவர வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 12 மணி நேரம் அதை யார் முகத்தில் வைத்திருப்பார்கள் என்பதை நீங்களே ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தடவும் மேசைக்கு மேலேயே உறிஞ்சும் குழாய் வைப்பதுதான் வழி.

சத்தத்துக்கும் இது உண்டா?

உண்டு. 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வைத்தால், 3 டெசிபெல் விதிப்படி 12 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 83, 16 மணி நேரத்துக்கு 82. எண் சின்னதாகத் தெரியும், டெசிபெல்லில் 3 என்பது ஒலி ஆற்றல் இரட்டிப்பு. தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்துகிறதா?

இரண்டாம் அட்டவணையில் 8 மணி நேரச் சராசரி என்று இருந்தது. நேரம் கூடினால் எப்படிக் குறைப்பது என்ற சூத்திரம் அதில் இருக்கவில்லை. தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 8 மணி நேர நாள், வாரத்துக்கு 6 நாளுக்கு மிகாமல் என்றுதான் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில், வேலை நேரத்தைத் தளர்த்தி 12 மணி நேர நாளுக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வந்ததும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அந்த விவாதத்தில் நான் கேட்டவரை, வாரம் 48 மணி நேரம் மாறாது, 4 நாள் வேலை, 3 நாள் லீவு என்ற வாதம்தான் திரும்பத் திரும்ப வந்தது. வாரம் மாறவில்லை என்றாலும் நாள் மாறுகிறது. டொலுயீனுக்கு 0.78 என்று இருந்தது 0.5 ஆகிறது. அதே ஆண்டு கர்நாடகம் அப்படியொரு திருத்தத்தைச் சட்டமாக்கிவிட்டது. இனி எந்த மாநிலம் இதைக் கையில் எடுத்தாலும், நீண்ட நாளுக்குக் குறைத்த வரம்பு என்று ஒரு வரியைக் கூடவே எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

சட்டம் சொல்லவில்லை என்பது தடை இல்லை. குறைத்த வரம்பைத் தானாகவே வைத்துக்கொள்ளும் நிறுவனத்தை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

நான் லைனில் வேலை பார்ப்பவள். சேஃப்டி ஆபீசரிடம் என்ன கேட்பது?

மூன்று கேள்வி போதும். "சார், இந்தச் சாம்பிளை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எடுத்தீங்க? நாங்க வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறதா எழுதியிருக்கீங்க? வரம்பை அதுக்கு ஏத்த மாதிரி குறைச்சீங்களா?" தனியாகக் கேட்கத் தயங்கினால், பாதுகாப்புக் குழு இருக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி வழியாகக் கேளுங்கள், கூட்டக் குறிப்பில் ஏறும். உள்ளே பதில் கிடைக்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம்.

கூடவே ஒரு சின்ன நோட்டில் தினமும் நீங்கள் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தலைவலி, தலைச்சுற்றல் வந்தால் எந்த நேரத்தில், அப்போது ஜன்னல் திறந்திருந்ததா என்று குறித்து வையுங்கள். அந்தக் காலணி யூனிட்டில் ஒரு அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்படி எழுதி வைத்திருந்தார். அவர் தலைவலி என்று குறித்திருந்த நேரங்கள் பெரும்பாலும் மாலை 6-க்கு மேல். என் குழல்கள் காட்டியதும் அதைத்தான். ரிப்போர்ட்டோடு அந்தத் தாளின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கொசுவலையும், தடவும் மேசைகளுக்கு உறிஞ்சும் குழாயும் அதற்கப்புறம்தான் வந்தன.